இடது இமை

“நீ முதல்ல படு. அப்புறம் நான் படுக்கறேன்.”

“வீக்கம் உனக்கா, எனக்கா? ஏறிப் படு, அக்கா!”

“உனக்கு இல்லேன்னு யாருடி பாத்தா? ஒரு தடவையாவது உன் தலையை…”

“என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லேன்னு முப்பது வருஷமா நீதானே சொல்லிட்டிருக்கே!”

ஸ்கேன் மேசையருகே நின்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். தங்கையின் இடது இமை சற்றே இறங்கியிருந்தது. வலது கண் அகல விழித்துச் சண்டை போட, அது மட்டும் தூக்கத்துக்குப் போவதுபோல.

“கண்ணுக்கு என்னடி?”

“ராத்திரி பூரா தலைவலி. எல்லாம் உன்னாலதான். போ.”

அவர்களுடைய அம்மா போனது மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் புடைத்து வெடித்து. மகள்கள் இருவருமே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அக்கா எடுத்துப் பார்த்தாள், பயறளவு புடைப்பு இருந்தது. தங்கையோ தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். இன்று அக்காவுக்கு இரண்டாவது எம்.ஆர்.ஐ. நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். புடைப்பின் சுவர் வெள்ளையாகத் தெரிந்தால் வெடிக்கிற அபாயம் அதிகம். தெரியாவிட்டால் காத்திருக்கலாம்.

தலையைக் கூண்டுக்குள் பூட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, டெக்னீஷியன் அவளை உள்ளே தள்ளினான். கண்ணுக்கு நேர்மேலே சின்னக் கண்ணாடி. குழாய்க்கு வெளியே இருந்த ஜன்னலை அது காட்டியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன்; அவன் பக்கத்தில் ஸ்டூலில், கெஞ்சிக் கூத்தாடி இடம்பிடித்த தங்கை.

“அசையாதீங்கம்மா.” அவன் மைக்கை அழுத்தும்போதெல்லாம் பின்னாலிருந்து தங்கையின் குரலும் ஒட்டிக்கொண்டு வந்தது. “…பிடிவாதம், சின்ன வயசுலேர்ந்தே…” மைக் அணைந்ததும் குரல் அறுந்தது. இயந்திரம் தட்டத் தொடங்கியது. யாரோ இரும்புக் கதவை உள்ளேயிருந்து தட்டுவதுபோல, பல்லுக்குள்ளும் பிடரிக்குள்ளும். கண்ணாடியில் தங்கையின் வாய் மட்டும் ஓயாமல் அசைந்தது. மூச்சு பட்டுப் பட்டு ஜன்னலில் ஒரு வட்டம் பனித்தது.

“மருந்து ஏறுது. கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.” பின்னால், “…அவளுக்குப் பயம், வெளியே சொல்ல மாட்டா…”

முழங்கைக்குள் குளிர் ஏறியது. நாக்கில் காசின் ருசி. கண்ணாடியில் தங்கையின் இமை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அந்தக் கடைசிக் காலை. அம்மாவுக்கும் ஒரு கண் பாதி மூடியிருந்தது. “ஒரு கண்ணால மட்டும் தூங்கறியாம்மா?” என்று இருவரும் கேலி செய்தார்கள். மத்தியானம், “ஜன்னலைச் சாத்துங்கடி, வெயில்…” என்றவள் அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை.

பந்தை அமுக்கினாள்.

“பயப்படாதீங்கம்மா. நிறைய பேர் இப்படித்தான் அமுக்குவாங்க. இப்ப நிறுத்தினா ஏத்தின மருந்து வீண். நாலே நிமிஷம்.” பின்னால், “…அக்கா, சும்மா படு…”

“அவ கண்ணைப் பாருங்க!” கத்தினாள். தட்டல் விழுங்கிவிட்டது. மறுபடி அமுக்கினாள். அவன் திரையைப் பார்த்தபடியே, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

தங்கை கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

இமை முழுதாக மூடியது.

வாய் திறந்தது. பாதி வார்த்தையில் நின்றது.

நெற்றி மெல்லச் சாய்ந்து ஜன்னலில் பதிந்தது. வலது கண் அகலத் திறந்து அக்காவையே பார்த்தது. சிமிட்டவில்லை. ஜன்னலில் பனிவட்டம் சுருங்கியது. தட்டளவு. காசளவு.

பயறளவு.

இல்லை.

தட்டல் நின்றது. மைக் திறந்தது. பின்னால் எந்தக் குரலும் இல்லை.

“முடிஞ்சுதும்மா. டாக்டர்தான் சொல்லணும், ஆனா எனக்குத் தெரிஞ்சு சுவர் வெளுக்கவே இல்லை.” அவன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “கேட்டீங்களா மேடம், உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்லை.”