சின்னவள் போட்ட பிங்

"அந்தக் கருப்புத் திரையில அப்படி என்னடி கிழிக்கிற?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். சொன்னால் சிரிப்பாளோ என்று சின்னவளுக்குக் கூச்சம்.

அதே அக்காவுக்கு இன்று நாலு மணிக்கு வேலைக்கான நேர்காணல். எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பித்து, கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். கம்ப்யூட்டர் வழியாகப் பேச வேண்டும். வீட்டில் இணையம் கிடையாது. அதனால் நூலகத்தின் கண்ணாடி அறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். தங்கையுடன் சீக்கிரமே வந்து மேஜையைத் துடைத்தாள். பின்னாலிருந்த அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். கேமராவில் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டுமே!

எல்லாம் பளிச்சென்று இருந்தது. இணையம்தான் இல்லை.

"இப்பத்தானே நல்லா இருந்துச்சு!" நூலகர் தலையைச் சொறிந்தார். "ரவுட்டரை அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன். கம்பெனியில இருந்து ஆள் வர நாளைக்கு ஆகுமாம்."

"நாளைக்கா? எனக்கு இன்னிக்குத்தானே சார்!" அக்காவின் குரல் உடைந்தது. சட்டென்று தங்கை பக்கம் திரும்பினாள். "நீதானே எதையோ நோண்டுன?"

"நான் தொடவே இல்லக்கா!"

"பொய் சொல்லாத!"

சின்னவளுக்கு அழுதுகொண்டு நிற்க நேரம் இல்லை.

"சார், நான் பிங் போட்டுப் பாக்கட்டுமா?"

"பிங்கா? அது என்ன பாப்பா, புது விளையாட்டா?"

"இல்ல சார். இருட்டுல நின்னு 'இருக்கியா?'ன்னு கூப்பிடுற மாதிரி. ஆள் இருந்தா 'இருக்கேன்'னு பதில் வரும். உங்க அலமாரிப் புத்தகத்துல படிச்சதுதான்."

நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சின்னவள் கண்ணாடி அறைக் கம்ப்யூட்டரில், கட்டளைகளைத் தட்டும் கருப்புத் திரையைத் திறந்தாள். முதலில் அந்தக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டது. டக்கென்று பதில் வந்தது.

"இவருக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்து ரவுட்டரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது, அதுவும் ஆடி அசைந்து.

"ரவுட்டர் உங்க மேஜை மேலதானே சார் இருக்கு? அதுவரைக்குமே நம்ம குரல் போய்ச் சேரல. கோளாறு வெளியில இல்ல, இந்தக் கட்டடத்துக்குள்ளதான்."

கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய ஒயரைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தாள். அது பின்னாலிருந்த அலமாரியின் கீழ்த்தட்டில், எல்லா ஒயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டிக்குப் போனது. பெட்டியின் விளக்குகள் பேய் பிடித்ததுபோல் ஒன்றாகத் துடித்தன. ஒரு நீல ஒயர் பெட்டியிலிருந்து புறப்பட்டு, வளைந்து, அதே பெட்டியின் இன்னொரு துளைக்குள் நுழைந்திருந்தது.

"பெட்டி தனக்குத்தானே பேசிக்கிட்டு இருக்கு சார்! சொன்னதே சுத்திச் சுத்தி வருது. மத்தவங்க பேச வழியே இல்ல."

"அந்த நீல ஒயர் சும்மா தொங்கிட்டு இருந்ததாச்சே! யாரு சொருகினது?"

சின்னவள் நிமிர்ந்தாள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. தொங்கும் ஒயர் கேமராவில் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று நினைத்தது யாரென்று கேட்கவே வேண்டாம்.

'என்னையா பொய் சொல்றேன்னு சொன்ன?' என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இப்போது அக்கா அழுதால் கண் சிவந்துவிடும். அப்புறம் எப்படிப் பேசுவாள்?

"யாரா இருந்தா என்ன சார், மணி ஆகப் போகுது" என்றபடி ஒயரின் ஒரு முனையை உருவினாள். விளக்குகள் அடங்கின. மறுபடியும் பிங் போட்டாள். 'இருக்கேன்' என்றது ரவுட்டர். 'இருக்கேன், இருக்கேன், இருக்கேன்!' வெளியே எங்கோ தொலைவில் இருந்த கம்ப்யூட்டரும் பதில் சொன்னது.

"உக்காருக்கா. முதல்ல முடியைச் சரி பண்ணிக்கோ."

கண்ணாடிக்கு வெளியே நின்று சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை.

பேசி முடித்த அக்கா நேராக நூலகரிடம் வந்தாள். "ஒயரைச் சொருகினது நான்தான் சார். பழியைத் தூக்கி இவ மேல போட்டேன்." பிறகு தங்கையின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. சரி பண்ணினது இவதான். என் தங்கச்சி!"

நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவளுக்குக் காதுவரை சூடேறியது. ஆனாலும் தலை குனியவில்லை.

அப்போது மூலையில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். "சார், என் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரல. கொஞ்சம் பாக்குறீங்களா?"

நூலகர் அவரைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். விரலால் அவளைச் சுட்டிக் காட்டிவிட்டு, தன் மேஜைக்குப் போய்விட்டார்.