கிணற்றில் மிதந்த கறுப்பெண்ணெய்

ஸாலிஹா படலையைத் திறந்துகொண்டு வந்தபோது ஏரம்பர் மழைக்குச் சாய்ந்த வேலியை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். பொலிசில் சார்ஜனாக இருந்து இளைப்பாறியவர். பரந்தனுக்குக் கிழக்கே குடியேற்றத்தில் காணி எடுத்து நெல் விதைக்கிறார். ஏதாவது நடந்தால் பொலிசுக்குப் போகுமுன் இவரிடம் வருவது அந்தப் பக்கத்து வழக்கம். பக்கத்தில் அவருடைய சிநேகிதர் கனகலிங்கம் நின்றார். பஸ் கொண்டக்டர், யாராவது தும்மினாலே அதில் சதி இருக்கிறதென்று நம்புகிறவர்.

ஸாலிஹா, சந்தியில் கடை வைத்திருக்கும் ஜமால்தீனின் மனைவி. கூட்டுறவுச் சங்கம் புதிதாகக் கட்டும் நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்துக் கிணற்றில் சில நாளாக எண்ணெய் மிதக்கிறது. ஆனையிறவு உப்புக்காற்று வீசுகிற அந்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். ஊரில் எண்ணெய் விற்பவர் ஜமால்தீன். களஞ்சியத்தோடு சங்கக் கடையும் வந்தால் அவர் வியாபாரம் படுத்துவிடும். ஊற்றியது அவர்தான், வேறென்ன சாட்சி வேண்டுமென்று ஊர் தீர்மானித்துவிட்டது. கட்டட வேலையைப் பார்க்கும் ஓவசியர் மயில்வாகனத்தார்தான் அதில் முன்னுக்கு நின்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை கடையைப் பூட்டிக்கொண்டு போகட்டாம், ஐயா. நாலு பிள்ளையளோட நாங்கள் எங்கை போறது?" என்றாள் ஸாலிஹா.

"போக வேண்டி வராது தங்கச்சி. முதலிலை கிணத்தைப் பாப்பம்," என்றார் ஏரம்பர்.

கிணற்றடியில் கனகலிங்கம் ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஜமால்தீனின் கையையும் மோந்து பார்த்தால் விஷயம் முடிந்துவிடுமே என்பது அவருடைய யோசனை. ஏரம்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்து உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தார். கட்டிலும் கயிற்றிலும் எண்ணெய்க் கறையில்லை. கட்டட வேலை நடக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும், பாதி ஆழத்தில் ஒரு கல் இடுக்கிலிருந்து கறுப்பாக ஒரு கோடு தண்ணீர்வரை வழிந்திருந்தது.

அதன்பிறகு அத்திவாரக் குழிகளுக்குப் போனார்கள். மழை பெய்து குழியெல்லாம் தண்ணீர். ஏரம்பர் கரையில் குந்தினார். பொழுதுபடும்வரை எழும்பவில்லை. கனகலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலம் கொலைகாரரைப் பிடித்த ஆள் இப்போது தவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று முணுமுணுத்தார்.

"கனகலிங்கம், உம்மை நுளம்பு கடிச்சதோ?" என்று கேட்டார் ஏரம்பர்.

கனகலிங்கம் யோசித்துப் பார்த்தார். இல்லை. மழைக்கால வன்னியில், பொழுதுபடுகிற நேரம் ஒரு குழிக்கரையில் குந்தியிருந்து, ஒருமுறைகூடக் காலில் தட்டாமல் எழும்பிய மனிதரை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

மறுநாள் காலை இருவரும் திரும்ப வந்து வேலையாட்களைப் பார்த்தார்கள். சீமெந்து போடுவதற்காகக் குழித்தண்ணீரை வாளியால் இறைத்து, கிட்டவிருந்த பள்ளத்தில் ஊற்றினார்கள். அந்தப் பள்ளம் கிணற்றின் ஓரமாகவே இருந்தது. ஏரம்பர் ஊரவர்களையும் ஓவசியரையும் ஜமால்தீனையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, எல்லோரும் பார்க்கப் பள்ளத்தில் ஊற்றினார். கிணறு எப்படியும் இறைக்கத்தானே வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் இடுக்கிலிருந்து நீலம் கசிந்து இறங்கியது. ஏரம்பர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மேலாலை ஊத்தியிருந்தால் கட்டிலையும் கறை பிடிச்சிருக்கும். இது மண்ணுக்குள்ளாலை வந்தது. ஜமால்தீன் விக்கிறது வெள்ளை மண்ணெண்ணெய். இது உழவு மெசினிலை கழிச்ச கறுப்பெண்ணெய். குழியிலை நுளம்பு பெருகாமல் ஆரோ ஊத்தியிருக்கினம். ஓவசியர், நான் சொல்லுறது சரியோ?"

மயில்வாகனத்தார் முன்னுக்கு வந்தார். "ஓம். நான்தான் ஊத்தினனான். மலேரியாத் தடுப்புக்காரர் காட்டித் தந்தது. இஞ்சை வந்த முதல் வருசம் என்ரை பெட்டைப்பிள்ளையைக் காய்ச்சலுக்குக் குடுத்தனான். தேங்கின தண்ணியைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். அது கிணத்துக்குப் போகுமெண்டு நான் நினைக்கேல்லை."

ஒருவரும் அவரைக் கடிந்து பேசவில்லை. குழியில் தண்ணீர் தேங்கவிடாமல் அன்றாடம் இறைத்தால் எண்ணெயே தேவையில்லை என்றும், இறைப்பதைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் வாய்க்கால் வெட்டித் தூரத்தில் விடவேண்டும் என்றும் ஏரம்பர் சொன்னார். ஓவசியர் கட்டடத்தடியில் வைத்திருந்த கழிவெண்ணெய்ப் பீப்பாவை அன்றைக்கே மேட்டுக்கு உருட்டி மூடிவைத்தார்கள். நனைந்த பள்ளத்து மண்ணை வெட்டி அகற்றி, சுவர் இடுக்கை அடைத்து, சேறு வரும்வரை கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கறுப்பும் நீலமும் போய், எண்ணெய் மணமில்லாத தண்ணீர் ஊற இன்னும் சில நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை வந்தது. ஜமால்தீனின் கடை திறந்துதான் இருந்தது.

நல்ல தண்ணீர் ஊறிய அன்று முதல் குடத்தை மயில்வாகனத்தாரே அள்ளித் தோளில் சுமந்துகொண்டு கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வந்தவர் குடத்தை நீட்டினார். ஸாலிஹா குடத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

ஜமால்தீன் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார்.

"ஊர்ப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் வரக்கூடாதெண்டுதானே ஊத்தினீங்கள், ஐயா. என்ரை நாலும் அந்தப் பிள்ளையளுக்கை அடக்கம். உங்கட பிள்ளையைக் குடுத்துப்போட்டு எங்கட பிள்ளையளைக் காக்க நினைச்ச மனிசன் நீங்கள். நான் எப்பிடி உங்களிலை கோவிக்கிறது? நான் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவன்."

மயில்வாகனத்தார் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். ஸாலிஹா அந்தக் குடத்துத் தண்ணீரில் தேநீர் வைத்து முதல் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.