எடுக்க மறந்த கண்ணி

செத்துப்போனவளின் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்க வந்திருக்கிறது என்று கணினி சொன்னபோது, அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி மினுங்கியது. வெளியே மழை பிடித்திருந்தது. மத்தியானமே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அலுவலகம் அது. மாடியில் இரண்டே அறை. அங்கே தேடுகிற வேலை பார்த்த அவளுக்கு முதலாளி வைத்திருந்த பெயர் மோப்பம். வைத்தது கேலியாகத்தான் என்றாலும் பொய்யில்லை. ஓடி ஒளிகிறவர்கள் பெயரை மாற்றுவார்கள், போன் நம்பரை மாற்றுவார்கள், முடியைக்கூட மாற்றுவார்கள். மற்றவர்கள் வங்கியிலும் வாடகைப் பத்திரத்திலும் முட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் நாய்க்குத் தடுப்பூசி போட்ட பதிவையும், நூலகத்தில் தொடர்கதையின் அடுத்த பாகம் கேட்டவர்களின் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பாள். மனிதர்கள் தங்களை மறைத்துக்கொள்வார்கள், தாங்கள் பிரியம் வைத்ததை மறைக்க அவர்களுக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. தேடுகிற ஆளின் அடையாளங்களைக் கணினியில் போட்டு வைத்துவிட்டால், அந்த மாதிரி ஆள் எந்தக் கடையின் பதிவில் தலைகாட்டினாலும் மஞ்சள் புள்ளி எரியும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கண்ணி. ஆள் கிடைத்ததும் கண்ணியை எடுத்துவிட வேண்டும்.

இந்தக் கண்ணியை எடுக்க மறந்திருந்தாள்.

செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு வலது கண் கிடையாது. இடது பக்கம் தடித்த வில்லை, வலது பக்கம் கறுப்பு வில்லை. அப்படியொரு கண்ணாடியும், கிழட்டுப் பூனைக்கு வாங்குகிற ஒரு மாத்திரையும் ஒரே சின்ன ஊரில் சேர்ந்து அகப்பட்டன. அவ்வளவுதான், ஆள் கிடைத்துவிட்டாள். தேடச் சொன்னவன் தன்னை அண்ணன் என்றான். அம்மா சாகக் கிடக்கிறாள், தங்கச்சியைக் கண்ணில் காட்டுங்கள் என்று மேஜையில் தலை வைத்து அழுதான். அவன் அண்ணன் இல்லை, புருஷன். அவள் கழுத்தை முறித்துப் போட்டுவிட்டு இப்போது சிறையில் இருக்கிறான்.

"சார், அந்த ஒத்தைக் கண்ணு கேஸ்... கண்ணி அடிக்குது."

முதலாளி உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார். "அதே மாதிரி வேற ஒருத்தி இருக்கக்கூடாதா? பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க. போம்மா, போய் ஒரு டீ குடி."

இருக்கலாம். ஆனால் பழுதுபார்க்கக் கொடுத்த கடை, அந்தப் பெண் செத்த அதே ஊரில் இருந்தது. குறிப்பில் எழுதியிருந்தார்கள்: சட்டம் நசுங்கியிருக்கிறது, வில்லையில் விரிசல், உள்ளே மண்.

அவள் டீ குடிக்கப் போகவில்லை. மறுபடியும் புள்ளி எரிந்தது. இந்தத் தடவை நெடுஞ்சாலையோரத்து ஊரில் ஒரு கடை. காதில் மாட்டும் கம்பி சரியாக நிற்கவில்லை என்று வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் செத்த ஊரிலிருந்து இங்கே வருகிற வழியில்தான். மழை ஜன்னலை அறைந்துகொண்டே இருந்தது, உள்ளறையில் முதலாளியின் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டே இருந்தது, அவள் விரல்கள் மட்டும் சில்லிட்டுப் போய் மவுஸின் மேலேயே கிடந்தன.

அவளுக்கு ஒரு அசட்டுத் தைரியம் உண்டு. தன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தொழில் தெரிந்தவள். போன் வேறு பெயரில், மின்சாரம் வேறு பெயரில், கடிதமெல்லாம் அலுவலக முகவரிக்கு. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். பள்ளிவிட்டு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், அம்மா வரும் வரைக்கும். மகளுக்கு மூச்சிரைப்பு. அந்த நீல மூடி போட்ட மருந்து ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்று, மருந்துக்கடையில் மட்டும்...

மருந்துக்கடையில் மட்டும் உண்மையான முகவரி.



மூன்றாவது தடவை புள்ளி எரிந்தபோது அவளுக்குக் கடையின் பெயரைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. அவள் வீட்டுத் தெருமுனையில் இருக்கிற கடை. அதற்கு எதிரில்தான் மருந்துக்கடை. போனை எடுத்தாள். எண் இரண்டு தடவை தப்பியது.

"ஆமாங்க, இப்பத்தான் ஒரு அம்மா வந்து துடைச்சு வாங்கிட்டுப் போனாங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "பாவம், கழுத்துல என்ன கோளாறோ, தலை ஒரு பக்கமா தோள்ல சாஞ்சே கிடக்கு. கண்ணாடி எப்படிங்க நிக்கும்? சரி பண்ணவே முடியல."

"எங்க போனாங்க?"

"எதிர்ல மருந்து வாங்கினாங்க. குழந்தைக்காம். திரும்பி வந்து, பில்லுல இருந்த அட்ரஸக் காட்டி, இந்த வீடு எதுன்னு கேட்டாங்க. நான்தான் வழி சொன்னேன். ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மகள் எடுத்தாள். ரகசியம் பேசுகிற குரல்.

"அம்மா, அப்புறம் பேசறேன். விளையாடிட்டு இருக்கேன்."

"யாரோடடீ?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

எப்படி இறங்கினாள், எந்த வண்டியில் ஏறினாள், காசு கொடுத்தாளா என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. மழைத்தண்ணீர் கணுக்கால் வரை நின்ற தெருவில் ஒரு செருப்பு போய்விட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், குழந்தையைத் தொடாதே என்று வாய் தன்பாட்டில் முனகிக்கொண்டே வந்தது. தன்னை மன்னிக்கச் சொல்லிச் செத்தவளிடம் கேட்க நாக்கு எழவில்லை. படிக்கட்டில் ஈரப்பூனை நாற்றம். அந்தக் கட்டடத்தில் யாரும் பூனை வளர்க்கவில்லை.

கதவு தாழிடாமல் இருந்தது.

மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்தாள். அவள் பாய்ந்து மகளை அள்ளி அணைத்துக்கொண்டாள். கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. மகளின் நெஞ்சில் இரைப்பில்லை.

"வா, போயிடலாம். கேள்வி கேக்காத."

"எப்படிம்மா போறது? ஆட்டம் முடியலயே." மகள் அவள் காதருகே கிசுகிசுத்தாள். "ஆன்ட்டி ஒளிஞ்சிருக்காங்க. நீதான் கண்டுபிடிக்கணுமாம். நீ எல்லாரையும் கண்டுபிடிச்சிடுவியாமே?"

மேஜையில் மருந்துக்கடைப் பை. நீல மூடி. பக்கத்தில் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. ஒரு வில்லை தடிப்பு. ஒரு வில்லை கறுப்பு. அதைச் சுற்றி ஈரமண்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அய்யோ, வேணாம்மா," என்றாள் மகள். "நீ கண்டுபிடிக்காமப் போனா, அவங்க உன்னக் கண்டுபிடிச்சுடுவாங்களாம். நம்ம எங்க போனாலும்."

அவள் மறுபடியும் அறைப் பக்கம் திரும்பினாள்.

அறை அமைதியாக இருந்தது. மழைகூட விட்டிருந்தது. அலமாரி மூடியிருந்தது. கட்டிலுக்கடியில் பெட்டிகள் மட்டும். ஜன்னல் திரை மட்டும் முழுசாக இழுத்து விட்டிருந்தது. காலையில் அவள்தான் அதை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

திரைக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

அவள் ஓர் அடி வைத்தாள்.

"பக்கத்துல வந்துட்ட," என்றாள் மகள்.

இன்னொரு அடி.

"ரொம்பப் பக்கம்."

திரைக்குப் பின்னால் ஓர் ஆளின் உயரம் தெரிந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கீழே, தோளுக்குப் பக்கத்தில், துணி மெல்ல உள்ளே இழுபட்டது. மெல்ல வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே இழுபட்டது.