இசக்கியம்மாளின் நிழலி

திருடனிடம் தன் அழைப்புமுகத்தை ஒப்படைத்த மறுநாள், இசக்கியம்மாள் பாளையங்கோட்டைத் தொடர்புக் காப்பகத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தொலைவில் இருப்பவரை அழைத்துப் பேச ஆளுக்கு ஓர் அழைப்புமுகம்தான். அது எவனிடம் சிக்கினாலும், நம் வேடத்தில் நம் சொந்தபந்தங்களிடம் அவன் பேசலாம்.

"எப்படிக் குடுத்தீங்க?" என்றார் அலுவலர் ஜெபராணி.

"கோயில் கொடைத் திருவிழாவுக்கு அழைப்பு அனுப்பணும்னான். நீ எங்க தெரு சுடலைமுத்து பேரனான்னு கேட்டேன். ஆமா பெரியம்மான்னான்."

அவன் 'ஆமா' மட்டும்தான் போட்டிருக்கிறான். மகளின் பெயர், வேலை, பிடித்த குழம்பு எல்லாவற்றையும் இவளே அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"உங்களுக்குப் புது முகம் தர்றோம். பழசுல உங்க குரல், உங்க குணத்தோட நிழலின்னு ஒரு இயந்திரப் போலி உக்காரும். திருடன் வந்தா விடாம பேச்சுக் குடுத்து அவன் நேரத்தைத் தின்னும். வேண்டியவங்களை எச்சரிச்சு வைக்கும்."

"எம்மவகிட்ட புதுசைச் சொல்லிருமா?"

"அதுக்குத் தெரிஞ்சா திருடனுக்கும் தெரிஞ்சிரும். நீங்கதான் சொல்லணும்."

மகள் உலகம்மை கடலடி ஆய்வுநிலையத்தில் இருந்தாள். கரையேற இன்னும் மூன்று வருடம். ஞாயிறன்று மட்டும் பேசலாம். போன வாரம் காய்ச்சலில் முனகியிருந்தாள்.

ஞாயிறு வந்தது.

"ஏளா, அம்மா பேசுதேன்."

"அம்மா இப்பதான் பேசி வச்சா. எம்பேரைச் சொல்லி ஒருத்தி வருவா, நம்பாதன்னா."

"நாந்தாம்ளா அம்மா. ஒனக்குச் சுண்டவத்தக் குழம்புன்னா உசுருல்லா?"

"அதையும் அவ சொல்லுவான்னு அம்மா சொன்னா." தொடர்பு அறுந்தது.

இசக்கியம்மாள், அப்படியானால் தான் யார் என்றுகூட ஒரு கணம் குழம்பினாள்.

மறுநாள் காப்பகத்தில் ஜெபராணி உதட்டைப் பிதுக்கினார். "மக நேர்ல வந்து இவங்கதான் அம்மான்னு சொல்லணும். அதுவரை நிழலியை எடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து, வேறு வழி தெரியாமல், தன் பழைய அழைப்புமுகத்தையே கூப்பிட்டாள்.

"யாரு தாயி? எந்த ஊரு?" என்றது அவள் குரல்.

ஆத்திரமாக வந்தது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது. "உலகம்மைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"விட்டுட்டுது. நேத்து கஞ்சி குடிச்சாளாம்." நிழலி உற்சாகமானது. "சுடலைமுத்து பேரனும் காலையில இதத்தான் கேட்டான். நல்ல பையன். நீயும் அவங்க வீட்டு ஆளா?"

மகள் பிழைத்துக்கொண்டாள் என்பதில் இசக்கியம்மாளுக்குக் கண் கலங்கியது. அடுத்த ஞாயிறு மகள் என்ன பேசுவாள் என்பதும் தெரிய வேண்டுமே.

"ஆமா பெரியம்மா" என்றாள்.