மயக்கம் தெளிந்த ஆறாம் நாள்

பரராசசிங்கம் சிரித்தார். இடுப்பெலும்பு ஒப்பரேசன் முடிந்த மறுநாள் பிற்பகல், ஜெர்மனியின் வுப்பர்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கிடக்க, நாற்பது வருடமாகத் தன் பக்கம் ஒருநாளும் திரும்பாத அந்தக் கனிந்த சிரிப்பு இப்போது தன் தோளைத் தாண்டிப் போவதை மனைவி சுந்தரேஸ்வரி கண்டாள்.

"சந்திரா, ஏன் நிக்கிறீர்? இதிலை இரும்."

சந்திரகாந்தி அவளுடைய அக்கா. அவருக்கென்று பேசி நாளும் குறித்த பிறகு, பதினெட்டு வயதில் காய்ச்சலில் செத்துப்போனவள். அடுத்த வருடம், அக்காவுக்கு வாங்கிய அதே கூறைச் சேலையில் தங்கையை மணவறையில் இருத்தினார்கள். மனைவியோடு அவர் எப்போதும் 'நீ' போட்டுத்தான் பேசினார். செத்தவளுக்கு மரியாதையாக 'நீர்'.

வார்டில் துப்புரவு வேலை செய்யும் அம்பிகா, டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. வயசு போன ஆக்களுக்கு மயக்க மருந்தும், வெட்டின காயத்தின்ரை அழற்சியும் சேர்ந்து மூளையைக் குழப்புமாம். கொஞ்ச நாளிலை தெளியும். நீங்கள் அவருக்கு உங்கடை பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேணுமாம்."

சுந்தரேஸ்வரி தன் பேரைச் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் மறுபடியும் அந்தப் பேரைக் கூப்பிட்டபோது கட்டிலோரம் குனிந்தாள்.

"ஓம்," என்றாள். "சந்திராதான்."

அவர் அவளுடைய கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அக்காவிடமிருந்து பிடுங்கிய சுகம். விட மனம் வரவில்லை. தினமும் வந்தாள், தினமும் சந்திராவானாள்.

நான்காம் நாள், மருந்து நெடிக்கும் ஹீட்டரின் காய்ந்த வெக்கைக்கும் அடியில் காய்ச்சல் வியர்வையின் புளித்த மணம் எழுந்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஜன்னலோரக் கதிரையில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை, ஆனாலும் அது கிறீச்சிட்டது. ஐந்தாம் நாள் புறப்படும்போது, அதில் போட்டிருந்த தன் கோட்டை எடுத்து மாட்டினாள். உள்ளே சூடு. ஆள் சூடு.

ஆறாம் நாள் அவர் தெளிந்துவிட்டார். என்ன வருடம் என்று டொக்டர் கேட்டதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு என்று சரியாகச் சொன்னார்.

"சுந்தரி!"

பழைய அதட்டல் குரல். அவளுக்கு அழுகை வந்தது. கட்டிலருகே ஓடினாள்.

"இஞ்சை நிக்கிறன்."

அவர் திரும்பவில்லை.

"நான்தான். சுந்தரி."

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்பிகா நிமிர்ந்தாள். அவளும் இவளைப் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்தாள்.

"அக்கா, ஐயா கூப்பிடுறார்."

சுந்தரேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

கதிரையில், அவள் வந்ததும் கழற்றிப் போட்ட கோட்டு. கோட்டுக்குள் ஆள். அவளுடைய நரைத்த தலை. அவளுடைய முகம்.

"ஓம், வாறன்."

அவளுடைய குரல்.

அது எழுந்தது. கோட்டுக் கைகளிலிருந்து அக்காவின் பதினெட்டு வயதுக் கைகள் இரண்டு வெளியே வந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கின.