அமலோற்பவம் வந்து உட்கார்ந்தால்

கழற்றி மேசைமேல் வைத்திருந்த முழங்கால் வலித்தது. லிங்கத்துரை அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் காலைத் திருகிக் கழற்றி, மூட்டுக்குள் புகுந்த நிலாத்தூசியைத் தட்டி, எண்ணெய் விட்டு வைப்பது அந்தக் குகைக் குடியிருப்பில் பல் விளக்குவது மாதிரி. பாதிப் பேருக்குக் கம்பெனி கொடுத்த கால்தான். சொந்தக் காலைக் குவாரி தின்றுவிட்டது. வலியை மட்டும் அது தின்னவில்லை, பழைய இடத்திலேயே விட்டுவைத்திருந்தது.

நிலாவின் தென்முனையில் வெயில் எட்டாத பள்ளங்களில் பனிக்கட்டி வெட்டுகிற குவாரி அது. லிங்கத்துரை அதற்கு முன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கிடந்தவன். அங்கே வெள்ளையை வாரினான், இங்கே வெள்ளையை வெட்டினான். இங்கே ஒரே வித்தியாசம், உடம்பு கனக்காது. கனக்காத உடம்புக்கு எலும்பு எதற்கு என்று எலும்பு தானாகவே கரைந்துகொண்டு வரும்.

அதனால் ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் எலும்புத் தேர்வில் தேற வேண்டும். மருத்துவமனை வைத்து நடத்தினால் செலவு என்று தேர்வை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கேமரா வைத்த கைப்பலகையை எதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழ வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், எடைப்பையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பலகை அனுப்புகிற படத்தின் வழியாக மருத்துவப்பொறி ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் படம் அறுந்தால் முதலிலிருந்து. மூன்று தடவை அறுந்தால் கப்பலில் அவனுடைய இடம் அடுத்த ஆளுக்கு. மறுகப்பல் மூன்று வருடம் கழித்துத்தான் வரும். அதற்குள் இடுப்பெலும்பு சுண்ணாம்பாகிவிடும். பிறகு பூமியில் இறங்கினால் அவனுடைய எடையே அவனை ஒடித்துப் போட்டுவிடும். இந்தக் கப்பலை விட்டால் சாகிறவரைக்கும் நிலாதான்.

அவனுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை அறுந்துவிட்டது.

குற்றம் வைஃபையில். கம்பெனித் தாளில் அதற்கு அலைப்பெட்டி என்று பெயர். சுவரில் குடைந்த மாடத்தில் இருக்கிற சின்னப் பெட்டி, அவ்வளவுதான். எழுத்து என்றால் எப்படியோ ஒழுகி வந்து சேர்ந்துவிடும். படம் என்றால் ஆள் கையைத் தூக்கும்போதே உறைந்து நின்றுவிடும். லிங்கத்துரை அணைத்துப் போட்டான். பலகையையும் அணைத்துப் போட்டான். கடவுச்சொல்லை மறக்கவைத்து மறுபடி அடித்தான். யாராவது திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறார்களோ என்று சந்தேகப்பட்டுக் கடவுச்சொல்லையே மாற்றினான். பலகையைத் தூக்கிக்கொண்டு காற்றுத்துளை ஓரம், படுக்கை ஓரம், கழிப்பறை வாசல் என்று அலைந்தான். மாடத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்து ஒத்திகை பார்த்தபோது ஓடியது. ஆனால் அங்கேயிருந்து பார்த்தால் கால் தெரியவில்லை என்று மருத்துவப்பொறி சொல்லிவிட்டது.

அவன் மனைவி சொர்ணகிளிக்குத் தேர்வு கிடையாது. பிந்தி வந்தவள், சமையல்கூடத்தில் வேலை, எலும்பு கெட்டியாக இருந்தது. அவன் போனால் அவளும் போகலாம். அவன் பலகையோடு சண்டை போடுவதை அவள் மாவு பிசைந்துகொண்டே பார்த்தாள். "அதை முறைச்சிப் பாத்தா வந்துருமா?" என்றாள்.

புகார் கொடுத்தார்கள். சீராக்கி வந்தது. நாற்காலி உயரத்தில் நாலு கால் வைத்த ரோபோ. பழுதுக்குக் காரணம் என்ன என்று அது கேட்காது. எதற்குப் பின்னால் எது நடந்தது என்பதை மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து சேர்த்து வைத்துக்கொண்டு, அதிகமாக நடந்ததையே செய்யும். அது உள்ளே வந்து பலகையைத் தொட்டது. படம் தண்ணீர் மாதிரி ஓடியது. "பழுது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனது. கதவு மூடி, சொர்ணகிளி வீட்டை ஒதுங்கவைத்து, அவன் பலகையை நிமிர்த்தினால் படம் நின்றுவிட்டது.

மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி அதே கதை. இந்தத் தடவை சீராக்கி வாசலில் நின்று திரும்பி, "அடுத்ததும் பொய்ப்புகார் என்று தெரிந்தால் உங்கள் பெயரில் குறிக்கப்படும்" என்றது. லிங்கத்துரை தன் கண்ணால் பார்த்த பழுது, அடுத்தவன் கண்ணுக்கு மட்டும் ஒளிந்துகொள்கிறது. தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா என்றுகூட யோசித்தான்.

நடந்தது இதுதான். நிலாத்தூசி கண்ணாடித்தூள் மாதிரி, எதிலும் நுழைந்து அறுக்கும். அதனால் அந்த வரிசைப் பெண்கள் எல்லாரும் அலைப்பெட்டிக்கு உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஊரில் மிக்ஸிக்கும் டி.வி.க்கும் போடுவார்களே, அது மாதிரி. இங்கே துணி கிடையாது. கிழிந்துபோன குவாரி உடுப்பின் உள்பக்கத் தாளை வெட்டித் தைத்தார்கள். வெயில் கதிரை உள்ளே விடாமலிருக்க உலோகம் பூசிய தாள் அது. கதிரை விடாத தாள் அலையையும் விடாது. அடியில் ஒயர் போகிற சந்து வழியாக ஒழுகியதைத்தான் லிங்கத்துரை இத்தனை நாளும் வைஃபை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த உறையில் அக்குள் வேர்வைக் கறை அப்படியே இருந்தது. வெளி ஆள் பார்த்தால் கேவலம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் சொர்ணகிளி முதலில் செய்வது உறையை உருவித் தலையணைக்கடியில் சொருகுவதுதான். ஆள் போனதும் மறுபடி மாட்டிவிடுவாள். அது கையே செய்கிற காரியம், அவள் செய்கிற காரியமில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். பலகை வழியாகப் பார்க்கிற மருத்துவப்பொறியை மட்டும் யாரும் வீட்டுக்கு வந்த ஆளாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

லிங்கத்துரையும் பார்த்தவன்தான். உறை இருப்பதும் தெரியும், இல்லாததும் தெரியும். வீட்டில் ஒரு சாமான் மூடியிருப்பதை எந்த ஆம்பிளை கவனித்தான்?

அன்றைக்கு அமலோற்பவம் இரவல் வாங்கிய எண்ணெய்க் குப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, புன்னக்காயல்காரி. புருஷன் பள்ளத்திலேயே போய்விட்டான். இவளும் பனிவெட்டிதான், இவளுக்கும் அதே கப்பல், லிங்கத்துரைக்குப் பின்னால் தேர்வு. அவள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அவன் பலகை ஓட ஆரம்பித்தது. எழுந்து போனாள், நின்றது. அவன் ஓடிப்போய் மறுபடி கூப்பிட்டான். கதவைத் தட்டி வந்தாள், ஓடியது.

"ஏ தாயி, நீ வந்தா ஓடுது," என்றான்.

அமலோற்பவம் சிரித்தாள். "நான் என்ன டவரா அண்ணாச்சி?"

சொர்ணகிளி சிரிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிலருக்கு அப்படி ஒரு ராசி இருக்கும் என்றாள். இவள் கால் வைத்த அன்றைக்குத்தான் சமையல்கூடத்தில் அடைத்துக்கிடந்த குழாயும் திறந்தது என்று சாட்சியும் சொன்னாள். கடைசித் தேர்வுக்கு அமலோற்பவம் வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று இருவரும் கெஞ்சினார்கள். ஷிப்ட் முடிந்து ஒடிந்துபோய்க் கிடந்தவள், யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு நாள் வரும்போது நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காரணும், மைனி. தனியா நிக்கப் பயமா இருக்கு."

"இதென்ன கேக்கணுமா, வந்துட்டாப் போச்சு," என்றாள் சொர்ணகிளி. லிங்கத்துரை கைப்பலகைமேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

தேர்வன்றைக்கு அமலோற்பவம் முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். கதவைத் தட்டும்போதே உறை தலையணைக்கடியில் போய்விட்டது. ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் மிச்சமிருந்த துண்டை எடுத்து சொர்ணகிளி அவளுக்குக் கொடுத்தாள். லிங்கத்துரை உட்கார்ந்தான், எழுந்தான், நின்றான், தூக்கினான். முழங்கால் கத்தியது. படம் ஒரு இமைப்பொழுதுகூடத் தடைபடவில்லை. தேறிவிட்டான்.

செய்தி வரிசை முழுக்கப் பரவியது. தேர்வு இருக்கிறவர்கள் எல்லாம் அமலோற்பவத்தின் வாசலுக்கு வந்தார்கள். போன வீட்டிலெல்லாம் படம் ஓடியது. வேறு யார் போய் உட்கார்ந்திருந்தாலும் ஓடியிருக்கும். வேறு யாரையும் யாரும் கூப்பிடவில்லை. சீராக்கியும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது. அவள் வந்த வீடுகளில் அறுந்ததே இல்லை. மனிதர்களின் மூடநம்பிக்கை தொற்றாமலிருக்கத்தான் அந்தப் பொறியைக் கணக்கு மட்டும் பார்க்கும்படி செய்திருந்தார்கள். கணக்கு சுத்தமாக வந்தது. பழுது நீக்கும் முறைகளில் அணைத்துப் போடுவதற்கும் மேலே, முதலாவது வழிமுறையாக, அமலோற்பவத்தை அழைத்துவரவும் என்று ஏறியது.

அவளுடைய நாளும் வந்தது. அன்றைக்கு லிங்கத்துரை வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் கொண்டுபோக அனுமதித்த எடைக்குள் அடங்கவில்லை, கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். போகணுமே என்று சொர்ணகிளி சொன்னாள்.

"அவளுக்கு எதுக்குட்டி ஆளு? ஊருக்கே அவதான் உக்காந்து குடுக்கா," என்றான் லிங்கத்துரை. அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

அமலோற்பவம் கதவைப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை. சொந்த வீட்டில் அவள் விருந்தாளி இல்லை. மாடத்தில் அலைப்பெட்டி, உறை போட்டபடி பத்திரமாக இருந்தது. எடைப்பையைத் தூக்கும்போது படம் அறுந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தாள், அறுந்தது. மூன்றாவது தடவை ஒற்றைக்காலில் நிற்கும்போது அறுந்தது. அவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், பார்க்க ஆள் இல்லாவிட்டாலும்.

புகார் கொடுத்தாள். சீராக்கி வந்து தட்டியது. உறையை உருவி ஒளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். ரோபோ பலகையைத் தொட்டது, ஓடியது.

"பழுது இல்லை" என்றது.

"இப்ப ஓடுது. அப்ப ஓடல. எனக்கு ஒண்ணுமே புரியல," என்றாள் அவள்.

சீராக்கி தன் சேமிப்பில் தேடிப் பார்த்தது. "இந்தப் பழுதுக்கான தீர்வு பழுது நடந்தபோதே வீட்டில் இருந்திருக்கிறது. ஆகவே பழுது நடந்திருக்க முடியாது. பொய்ப்புகார்."

தீர்வு என்று அது சொன்னது அவளைத்தான். எல்லாரும் சொன்னது அதுதானே. அவளே பாதி நம்பியதும் அதுதானே.

கப்பல் போய்விட்டது. லிங்கத்துரை இப்போது ஊரில் ஊன்றுகோல் வைத்து நடக்கிறான். வீட்டுக் கைப்பலகையில் வைஃபை சரியாக வருவதில்லை. அந்தப் பெட்டிக்கும் சொர்ணகிளி உறை தைத்திருக்கிறாள், இந்தத் தடவை ஜரிகை வைத்து. படம் நிற்கும்போதெல்லாம் அமலோற்பவம் இருந்தால் ஓடும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நிலாவில் எந்த வீட்டில் படம் அறுந்தாலும் சீராக்கி முதலில் அவள் கதவைத்தான் தட்டுகிறது. ஷிப்ட் முடிந்து காலைக் கழற்றிப் போட்டுப் படுத்தவள், காலை மாட்டிக்கொண்டு, உறையை உருவி ஒளித்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள். போய் உட்கார்ந்து கொடுக்கிறாள்.

லிங்கத்துரையும் சொர்ணகிளியும் அவள் வீட்டில் ஒரு தடவை வந்து உட்கார்வதாகச் சொன்னது பாக்கி நிற்கிறது.