புகை தெரியாத ஒன்பது வீடுகள்

2019 ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. வரைபட அலுவலகத்தின் கீழ்த்தளக் கிடங்குக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது, பழைய காகிதமும் அந்துருண்டையும் கலந்த வாசனை வழக்கம்போல் வந்து மூக்கில் உட்கார்ந்தது.

“வாங்க மேடம்,” என்றார் கிடங்குக்காரர். “நேத்து எலி ஒண்ணு வந்துச்சு. சுத்திப் பார்த்துட்டு, இங்க பொழைக்க முடியாதுன்னு ராஜினாமா குடுத்துட்டுப் போயிடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு வெள்ளிக்கிழமை நண்பகல் வரை அவளுக்கு நேரமில்லை.

வேலை எளியதுதான். மலைச்சரிவு ஒன்றில் பாதையை அகலப்படுத்தத் திங்கட்கிழமை வெடி வைக்கப்போகிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழே கொட்டுவார்கள். கீழே, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இடிந்து விழுந்த ஒரு சரிவின் அடியில், ஒரு சிறிய குடியிருப்பு கிடந்தது. இடிந்த அன்று அது ஆளில்லாத ஊரா, ஆளிருந்த ஊரா? ஆளில்லாத ஊர் என்றால் மண்ணைக் கொட்டலாம். ஆளிருந்தார்கள் என்றால் முதலில் தோண்டித் தேட வேண்டும். பிறகு, இத்தனை காலம் ஏன் தேடவில்லை என்று விசாரிக்க வேண்டும். பழைய நிலவரைபடங்களைப் பார்த்து எழுத்தில் முடிவு சொல்லிக் கையெழுத்திட வேண்டியவள் அவள்.

“ஒரே ஒரு வரி மேடம்,” என்று இயக்குநர் முன்தினமே சொல்லியிருந்தார். “ஊர் காலியான பிறகுதான் சரிவு இடிஞ்சதுன்னு. உங்க அப்பா அளந்த இடம். அவர் நடந்து பார்த்ததுக்கு மேல நாம என்ன கண்டுபிடிக்கப்போறோம்?”

அவளுடைய அப்பாவுக்கு அலுவலகத்தில் ‘கால்நடை’ என்று பெயர். எந்த மலையையும் காலால் நடந்தே அளப்பவர் என்பது பொருள். வேறு பொருளை நினைத்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் அவர் கோட்டில் ஒரு மயிரிழை பிழை கண்டதில்லை. முப்பத்தேழு ஆண்டுகளாக அவர் வலக்கண்ணை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். மலையில் முள் குத்திவிட்டது என்பார். போன வருடம் கண் மருத்துவர் ஒருவர் கட்டை நீக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லையே,” என்று சொன்னபோது, அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து வந்துவிட்டார்.

கிடங்குக்காரர் மூன்று தாள்களை மேசையில் விரித்தார். ஒரே சரிவு, மூன்று காலம்.

முதல் தாளில் ஒன்பது சிறிய சதுரங்கள் கருப்பாக நிரப்பப்பட்டிருந்தன. நிரப்பிய சதுரம் என்றால் ஆள் குடியிருக்கும் வீடு. ஒரு கிணறு, ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. இரண்டாம் தாள் 1981-இல் அப்பா வரைந்தது. அதே ஒன்பது சதுரங்கள், அதே இடத்தில்; ஆனால் உள்ளே வெறுமை. வெற்றுச் சதுரம் என்றால் கைவிடப்பட்ட வீடு. மூன்றாம் தாளில் சதுரங்களே இல்லை. உயரக் கோடுகள் மட்டும், நிறைந்த வயிற்றைப்போல் முன்னுக்குத் தள்ளி ஓடின.

இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் முதன்முதலாகப் பாதை போட வெடி வைத்தார்கள், சரிவு இடிந்தது. பழைய கோப்பில் ஒரு வரி இருந்தது: ‘வரைபடத்தின்படி ஆளில்லாத இடம். தேடுதல் தேவைப்படவில்லை.’

இடிந்து ஏழு மாதம் கழித்து விமானத்திலிருந்து எடுத்த படங்களும் உறையில் இருந்தன. விமானம் ஒரே நிலத்தைச் சில நொடி இடைவெளியில் இரண்டு முறை படமெடுக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, அலுவலகத்தில் ‘இரட்டைக்கண்ணாடி’ என்று வழங்கும் கருவியின் வழியே, இடப்படத்தை இடக்கண்ணாலும் வலப்படத்தை வலக்கண்ணாலும் பார்த்தால், தட்டைக் காகிதத்திலிருந்து மலை எழுந்து நிற்கும். இருபது ஆண்டுப் பழக்கம். அவள் குனிந்தாள்.

மலை எழுந்தது. இடிந்த மண் நாக்கைப்போல் நீண்டு கிடந்தது. புல்கூட இல்லை.

அதன்மேல் பதினொரு கருப்புப் புள்ளிகள்.

தூசி என்று துடைத்தாள், போகவில்லை. கீறல் என்றால் ஒரு படத்தில்தான் இருக்கும். இவை இரண்டிலும் இருந்தன. உயரம் அளக்கும் கம்பியை வைத்துத் திருகினாள். புள்ளிகள் மண்ணில் இல்லை. மண்ணுக்கு நான்கு மீட்டர் மேலே நின்றன.

இதற்கும் விளக்கம் உண்டு. இரண்டு படங்களுக்கு இடையில் ஓடிய ஆடு, கண்ணாடியில் பறப்பதுபோல் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களை அதைக் காட்டித்தான் ஏய்ப்பார்கள். அவள் குறிப்பேட்டில் ‘ஆடுகள்’ என்று எழுதி, அடியில் கோடிட்டாள்.

புல் இல்லாத இடத்தில் ஆட்டுக்கு என்ன வேலை என்று வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது.

புதன்கிழமை காலை மறுபடி அளந்தாள். பத்தொன்பது மீட்டர்.

கம்பியைக் கழற்றி, துடைத்து, மாட்டி அளந்தாள். பத்தொன்பது. முப்பத்தேழு ஆண்டுகளாக உறைக்குள் கிடந்த காகிதத்தில் ஒரே இரவில் எதுவும் ஏற முடியாது.

“இதைக் கொஞ்சம் பாருங்களேன்,” என்று கிடங்குக்காரரை அழைத்தாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு இடது கண்ணு போய்ப் பத்து வருஷம் ஆச்சே மேடம். ஒத்தைக் கண்ணனுக்கு இதுல எதுவும் எழும்பாது. எனக்கு மலையும் ஒண்ணுதான், மடுவும் ஒண்ணுதான்.” நிமிர்ந்தவர் சட்டென்று மூக்கை உறிஞ்சினார். “அய்யய்யோ, புகை வாசனை வருதே!”

காகிதக் கிடங்கில் அதைவிடக் கெட்ட செய்தி இல்லை. அவர் அலமாரி அலமாரியாக ஓடிப் பார்த்தார். எங்கும் எதுவும் எரியவில்லை. வாசனை மின்கம்பி எரிவதுபோலவும் இல்லை. ஈர விறகு, மேலே ஏதோ கஞ்சி கொதிப்பதுபோல.

அது கண்ணாடியின் இரு துளைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் முதலில் படத்தைத் தொடவில்லை. அப்பாவின் 1981 கள ஏட்டைக் கேட்டு வாங்கினாள். அப்பா நடந்த ஒவ்வொரு வழிக்கும் ஓரத்தில் தம் காலடி எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதுவார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, எழுநூற்று மூன்று. பக்கம் பக்கமாக ஓரங்கள் எறும்பு ஊர்ந்ததுபோல் நிறைந்திருந்தன. அந்தக் குடியிருப்பின் பக்கம் வந்தது. நடுவில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘புகை இல்லை. ஆள் இல்லை.’

ஓரம் வெள்ளையாக இருந்தது.

அவர் அங்கே நடக்கவில்லை.

கை தானாகவே படங்களை எடுத்து வைத்தது. குனிந்தாள். தொண்ணூறு மீட்டருக்கும் மேல். கம்பி அதற்கு மேல் அளக்காது. ஆனால் அவள் பார்த்தது உயரத்தை அல்ல. வானத்திலிருந்து பார்த்தால் மனிதன் என்பவன் ஒரு கருப்புப் புள்ளி; உச்சந்தலை முடி. இரண்டு நாளாகக் கருப்பாக இருந்த பதினொரு புள்ளிகளும் இன்று வெளுத்திருந்தன.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பார்வை தரையில் விழுந்தது. ஒரே மாதிரியான ஓடுகள், வரிசை வரிசையாக. இரட்டைப் படம் பார்த்துப் பழகிய கண் எந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரண்டு ஓடுகள் மெல்ல ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்தன, பொருந்தின.

முழங்கால் உயரத்தில், அவளைச் சுற்றி, பதினொன்று.

மாலை ஐந்தரைக்கு, ஏட்டும் படங்களுமாக வீட்டுக்குள் நுழைந்தாள். அப்பா சன்னலருகே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் ஒற்றைக் கண்ணுமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

அவள் ஏட்டை அவர் மடியில் விரித்து வைத்தாள். வெள்ளை ஓரத்தில் விரலை வைத்தாள்.

அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்ப எவ்வளவு உயரத்துல நிக்கிறாங்க?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மூணு நாள் அடைமழை. ஓடையில வெள்ளம். எதிர் முகட்டுலேர்ந்து தூரக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். ஒன்பது கூரையிலயும் புகை இல்ல. அடுப்பு எரியலைன்னா ஆள் இல்லைன்னு எழுதிட்டேன்.” ஏட்டின் வெள்ளை ஓரத்தைத் தடவினார். “மூணு நாள் மழையில விறகு நனைஞ்சிருக்கும்னு யோசிக்கலை பாப்பா. அவ்வளவு பெரிய கெட்டிக்காரன், அதை யோசிக்கலை.”

“அப்புறம்?”

“அந்தப் படத்தை வெச்சு அடுத்த தாளுக்குக் கோடு போட்டவன் நான்தான். முதல்ல படத்துல மட்டும்தான் இருந்தாங்க. அப்புறம் தரை ஓட்டுல. அப்புறம் சன்னல் கம்பியில. ஒரு நாள் சாப்பிடும்போது, எதிர்ல ரெண்டு டம்ளருக்கு நடுவுல.” வலக்கண் கட்டைத் தொட்டார். “நீயும் ஒண்ணைக் கட்டிக்கோ. ஒத்தைக் கண்ணுக்கு எல்லாமே தட்டைதான்.”

“கட்டினா போயிடுவாங்களா?”

“போகமாட்டாங்க. தெரியமாட்டாங்க. அவ்வளவுதான்.”

அவள் ஏட்டை எடுத்து மூடினாள். “நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்பா. இருந்தாங்கன்னு எழுதினா, விசாரணையில முதல் பேரு உங்களோடதுதான். இல்லைன்னு எழுதினா திங்கட்கிழமை மேல மண்ணைக் கொட்டிடுவாங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அலுவலகம் கொடுத்த பாராட்டுக் கேடயம் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டிலேயே உட்கார்ந்து அவள் முடிவை எழுதினாள். சரிவு இடிந்தபோது அங்கே பதினொரு பேர் இருந்தனர். 1981 வரைபடம் நேரில் சென்று பார்க்காமல் வரையப்பட்டது. வெடி வைப்பதை நிறுத்தித் தேட வேண்டும். சான்றாகக் கள ஏட்டின் பக்கத்தை இணைத்தாள். அதற்கடுத்த தாளில் இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டினாள். கையெழுத்திட்டாள்.

புறப்படும்போது அப்பா கூப்பிட்டார்.

“அதைக் கொண்டா. சாட்சின்னு நானும் போடறேன்.”

“பூதக்கண்ணாடி எடுத்துத் தரவாப்பா?”

“வேண்டாம்.”

அவர் இரு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார். துணி மடியில் விழுந்தது. முப்பத்தேழு ஆண்டு வெயில் படாத அந்த இமை குழந்தையின் இமைபோல் வெளுத்திருந்தது. மெல்லத் திறந்தது. நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல், ஒட்டியிருந்த இரு படங்களையும் பார்த்தார், வெறுங்கண்ணால், பழையபடி.

உதடுகள் எண்ணின.

“தப்பா எழுதியிருக்க,” என்றார். அலுவலகத்தில் பிழை காணும்போது வரும் அதே குரல். “பதினொண்ணு இல்ல. பன்னெண்டு.”

“நாலு நாளா எண்றேன்பா. பதினொண்ணுதான்.”

“மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும். இப்பதான் கிட்ட வந்துட்டாங்களே. நல்லாப் பாரு. கிணத்தடியில நிக்கிறாளே, அவ இடுப்புல ஒண்ணு இருக்கு.”

‘பதினொரு’ என்பதை அடித்து, மேலே ‘பன்னிரண்டு’ என்று எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பமும் இட்டு, அடியில் முழுக் கையெழுத்தைப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். கட்டை மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. எதிரே காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்தபடி, விருந்தினர் வந்தால் ஒதுங்குவதுபோல, சற்றே ஒதுங்கி உட்கார்ந்தார்.

பதினொன்றேமுக்காலுக்கு அவள் இயக்குநரின் அறைக்குள் போனாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

“வந்துட்டீங்களா! ஒரு வரிதானே?” அவர் சிரித்தார்.

“இரண்டு பக்கம் இணைப்பு இருக்கு சார்.”

மேசைக்கு மேலாகத் தாள்களை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய விரல்கள் அவற்றைப் பிடித்த கணத்தில் அவள் தரையைப் பார்த்தாள். ஓடுகள் தட்டையாக இருந்தன. நேற்றிலிருந்து முதன்முறையாக, வெறும் ஓடுகள்.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். சிரிப்பு நின்றது. படங்கள் ஒட்டிய கடைசித் தாளுக்குப் போனார். இயக்குநராவதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் அவரும் கீழ்த்தளத்தில் படம் பார்த்தவர். அவருக்கும் கருவி வேண்டாம்.

கண்கள் மெல்லத் தளர்ந்து, நிலைத்தன.

மூக்கு ஒருமுறை உறிஞ்சியது.

தலை பின்னுக்குப் போனது. கை தாளை முன்னுக்குத் தள்ளியது, இன்னும் தள்ளியது, முழுக்கை நீளும் வரை தள்ளியது. போதவில்லை.

“சார்?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. தாளைக் கீழே வைக்கவும் இல்லை. நீட்டிய கையில் அதைப் பிடித்தபடியே, மிகவும் நிதானமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.